சிபிடி சிகிச்சைக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல ஓ.பி.யில் உளவியலாளராக வேலை பார்க்கிறேன். டாக்டர் சீட்டில் 'சிபிடி' என்று எழுதி அனுப்பியதும் என் அறைக்கு வருபவர்கள் உட்காருவதற்கு முன்பே கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். உதாரணங்களில் வருபவர்கள் தனி ஆட்கள் இல்லை. பலர் சொன்னதை வைத்து நான் உருவாக்கியவை.

1. சிபிடின்னா என்னங்க? மாத்திரையா, ஊசியா?

இரண்டும் இல்லை. பேச்சும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சை. முழுப் பெயர் காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி. தமிழில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று எழுதுகிறார்கள். ஏதாவது ஒன்று நடந்தால் மனதில் ஒரு எண்ணம் ஓடுகிறது, மனநிலை மாறுகிறது, உடம்பு ஒரு மாதிரி ஆகிறது, அதற்கேற்ப நாம் ஏதோ செய்கிறோம். இந்த நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். ஒருவருக்குக் காலையில் விழித்ததும் "இன்னைக்கும் ஒண்ணும் உருப்படப் போறதில்லை" என்று தோன்றுகிறது. உடம்பு கனக்கிறது. குளிக்காமல் படுத்தே கிடக்கிறார். பொழுது சாயும்போது "பார், நினைச்ச மாதிரியே இந்த நாளும் வீணாப்போச்சு" என்று அதே எண்ணம் இன்னும் கெட்டியாகிறது. இந்தச் சுற்றை எண்ணத்தின் பக்கத்திலிருந்தோ செயலின் பக்கத்திலிருந்தோ உடைப்பதுதான் சிபிடி.

செயலின் பக்கம் முதலில் வந்தது. பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறையை 1950களில் தென்னாப்பிரிக்காவில் ஜோசப் வோல்பே வகுத்தார். எண்ணத்தின் பக்கத்தை அதே பத்தாண்டில் நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸும், 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் ஆரன் பெக்கும் வளர்த்தார்கள். பெக், ஃப்ராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் பயிற்சி பெற்ற மனநல மருத்துவர். நோயாளிகள் வாய்விட்டுச் சொல்வதற்கு அடியில் "என் பேச்சு டாக்டருக்கு அலுப்பா இருக்கோ" என்பது போன்ற இன்னொரு எண்ண ஓட்டம் தானாக ஓடிக்கொண்டே இருப்பதை அவர் கவனித்தார். அங்கிருந்துதான் இது கிளம்பியது.

2. எங்க பெரியப்பா சொல்ற புத்திமதியைவிட இதுல என்ன பெரிசா இருக்கப் போகுது?

பெரியப்பா முடிவைச் சொல்லிவிடுவார். "இதுக்கெல்லாம் கவலைப்படாதே" என்பது முடிவு. கவலைப்படாமல் இருப்பது எப்படி என்பது அதில் இல்லை. சிபிடியில் உளவியலாளர் முடிவு சொல்ல மாட்டார், கேள்வி கேட்பார். நீங்கள் பதில் தேடுவீர்கள், அதை வீட்டுக்குப் போய் வாழ்க்கையில் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து சொல்வீர்கள்.

பொதுவான கவுன்சிலிங்குக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. மனதில் இருப்பதைக் கொட்டி ஆறுதல் பெறுவது நல்லதுதான், சில நேரம் அதுவே போதும். சிபிடியில் குறிப்பிட்ட பிரச்சினை, குறிப்பிட்ட இலக்கு, காலக்கெடு, வீட்டுப்பாடம் எல்லாம் இருக்கும்.

3. "பாசிட்டிவா நினைங்க"ன்னு சொல்லுவாங்க, அவ்வளவுதானே?

இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பலர் இந்த எண்ணத்தோடு வந்துதான் பாதியில் நின்றுபோகிறார்கள். சிபிடி நல்லதாக நினைக்கச் சொல்லவில்லை, சரியாகப் பார்க்கச் சொல்கிறது.

ஒரு பள்ளி ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். தலைமை ஆசிரியர் போனில் "நாளைக்கு வந்ததும் என்னைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். டீச்சருக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. நோட்டில் பத்தி பத்தியாக எழுதச் சொல்கிறோம். நடந்தது: எச்.எம். கூப்பிட்டார். மனதில் ஓடியது: "ஏதோ தப்பு பண்ணிட்டேன், மெமோ கொடுக்கப் போறார்." பதற்றம்: நூற்றுக்குத் தொண்ணூறு. அடுத்த பத்தி, இதற்கு என்ன ஆதாரம்? போன வாரம் வருகைப் பதிவேட்டைத் தாமதமாகக் கொடுத்தார். அதை மறைக்க வேண்டாம், எழுத வேண்டும். எதிரான ஆதாரம்? தாமதமாகக் கொடுத்த வேறு யாருக்கும் இதுவரை மெமோ வந்ததில்லை. இது அரையாண்டுத் தேர்வுப் பணி ஒதுக்கும் நேரம். இன்னும் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார். எல்லாவற்றையும் பார்த்த பிறகு எழுதியது: "எதுக்குக் கூப்பிட்டார்னு எனக்கு இன்னும் தெரியாது. பதிவேடு விஷயமா இருந்தா தாமதத்துக்குக் காரணம் சொல்ல முடியும்." பதற்றம் இப்போது ஐம்பது.

பூஜ்யம் ஆகவில்லை பாருங்கள். ஆக வேண்டியதும் இல்லை. ஐம்பது என்றால் மனுஷி தூங்கிவிட்டு மறுநாள் போய்ப் பேசலாம். "எல்லாம் நல்லதே நடக்கும்" என்று எழுதியிருந்தால் அவர் மனமே அதை நம்பியிருக்காது.

4. உள்ள கூப்பிட்டு என்னதான் பண்ணுவாங்க? எத்தனை தடவை வரணும்?

வழக்கமாக வாரம் ஒருமுறை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பிரச்சினையைப் பொறுத்து ஆறிலிருந்து இருபது அமர்வுகள் வரை போகும். முதல் ஓரிரண்டில் உங்கள் கதையைக் கேட்டு, முதல் கேள்வியில் சொன்ன சுற்று உங்களுக்கு எப்படி ஓடுகிறது என்று தாளில் வரைந்து காட்டுவோம். பிறகு ஒவ்வொரு முறையும் போன வார வீட்டுப்பாடம், இன்று பேச வேண்டியது, அடுத்த வார வீட்டுப்பாடம் என்று போகும். படுக்கவைத்து மயக்கிப் பேசவைப்பது எதுவும் கிடையாது.

வீட்டுப்பாடம்தான் சிகிச்சையின் பெரும்பகுதி. வாரத்தில் ஒரு மணி நேரம்தான் என்னோடு இருக்கிறீர்கள். மற்ற நேரமெல்லாம் உங்கள் வீட்டில், உங்கள் மனதோடு.

5. எனக்கு இருக்கறதுக்கு இது கேட்குமா?

மனச்சோர்வு, பேனிக் அட்டாக் (திடீரென்று வந்து ஆளை உலுக்கும் கடும் பயம்), ஓயாத கவலை, நாலு பேர் முன்னால் பேச பயம், நாய், உயரம், ஊசி போன்ற குறிப்பிட்ட பயங்கள், ஓசிடி (வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அந்தப் பயத்தில் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்), விபத்துக்கோ வன்முறைக்கோ பிறகு விடாமல் துரத்தும் நினைவுகள், இவற்றுக்கு நல்ல ஆய்வு ஆதாரம் இருக்கிறது. தூக்கமின்மைக்கும் தனியாக ஒரு சிபிடி உண்டு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல, இதைத்தான். (அந்தப் பயிற்சியின் முதல் வாரங்களில் பகலில் தூக்கம் அசத்தும். லாரி, பஸ் ஓட்டுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.)

மனச்சிதைவு, பைபோலார் (மனநிலை மிதமிஞ்சி ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் நோய்) ஆகியவற்றில் மருந்துதான் அடிப்படை, சிபிடி அதற்குத் துணை. தினமும் குடிப்பவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். குடியைத் திடீரென்று நிறுத்துவதே சிலருக்கு உயிருக்கு ஆபத்து.

6. பஸ்ல ஏறினாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. உக்காந்து பேசினா அது எப்படிங்க சரியாகும்?

முதலில் ஈசிஜி, தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேட்பேன். உடம்பில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இந்த வழி. பேனிக் எப்படி உருவாகிறது என்பதை ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் கிளார்க் 1986இல் தெளிவாக விளக்கினார். கூட்டத்தாலோ புழுக்கத்தாலோ நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. "ஐயோ, ஹார்ட் அட்டாக்" என்று மனம் பொருள் கொள்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் சுரந்து இன்னும் வேகமாக அடிக்கிறது. அதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறுகிறது. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், பிறகு தானாகவே இறங்குகிறது.

அது தானாக இறங்கும் என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே இவர்களுக்குக் கிடைப்பதில்லை. படிக்கட்டை ஒட்டிய சீட்டில்தான் உட்காருவார்கள். கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் மாத்திரை, கூட வர ஒரு ஆள். படபடத்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார்கள். "நல்லவேளை இறங்கினேன், இல்லைன்னா செத்திருப்பேன்" என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். அதனால் பேச்சோடு நிறுத்த மாட்டோம். அறையிலேயே வேகமாக மூச்சு வாங்கச் சொல்வோம், மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வோம், சுழல் நாற்காலியில் சுற்றச் சொல்வோம். அதே படபடப்பு, அதே தலைசுற்றல் வரும், ஆனால் ஒன்றும் ஆகாது. அப்புறம் பஸ். முதலில் துணையோடு ஒரு நிறுத்தம். பிறகு தனியாக மூன்று நிறுத்தம். பிறகு பாட்டில் இல்லாமல், நடு சீட்டில், கூட்ட நேரத்தில். பேச்சால் போகாத பயம் இப்படி உடம்பால் பழகித்தான் போகிறது.

7. செத்துடலாம்னு தோணுது. இதுக்கும் சிபிடி போதுமா?

இதற்குச் சிபிடிக்காக நாள் குறித்துக் காத்திருக்கக் கூடாது. இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. அரசு நடத்துவது, கட்டணமில்லை, 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வழியும் நேரமும் மனதில் முடிவாகியிருந்தால் போன்கூட வேண்டாம், பக்கத்தில் இருப்பவரோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விடுங்கள், அல்லது 108ஐ அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம்.

ஆபத்தான கட்டம் தாண்டிய பிறகு சிபிடி நிச்சயம் உதவும். அந்த எண்ணம் எப்போது தலைதூக்குகிறது, அப்போது யாரிடம் போவது, வீட்டில் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் யார் பொறுப்பில் வைப்பது என்று ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவதிலிருந்துதான் தொடங்குவோம்.

8. மாத்திரையை நிறுத்திட்டு இதுக்கு வந்துடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். குறைப்பதும் நிறுத்துவதும் மருந்து எழுதிய டாக்டரோடு பேசிச் செய்ய வேண்டியது.

மிதமான மனச்சோர்வுக்கு மாத்திரையும் சிபிடியும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றன. கடுமையானால் இரண்டும் சேர்ந்தால் நல்லது. சாப்பிடவும் எழவும் முடியாமல் கிடப்பவரிடம் நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்வது நியாயமில்லை. மருந்து அவரை எழுந்து உட்காரவைத்த பிறகு நாங்கள் தொடங்குகிறோம்.

9. என் கடன் நெசம், மாமியார் பண்ற கொடுமை நெசம். எண்ணத்தை மாத்தினா அதெல்லாம் தீருமா?

தீராது. தீரும் என்று சொல்கிற உளவியலாளரிடம் போகாதீர்கள். பிரச்சினை நிஜமாக இருக்கும்போது மூன்றாம் கேள்வியில் வந்த ஆதார நோட்டைக் கொண்டுவந்து நீட்டுவது அவமானப்படுத்துகிற மாதிரி ஆகிவிடும். அப்போது நாங்கள் எடுப்பது பிரச்சினை தீர்க்கும் பயிற்சி. யாருக்கு எவ்வளவு பாக்கி, எதற்கு வட்டி அதிகம், இந்த வாரம் யாரிடம் போய்த் தவணை கேட்க முடியும் என்று தாளில் இறக்குவோம். கடன் அப்படியே இருக்கும். ஆனால் "என்னால எதுவுமே முடியாது, நான் எதுக்கும் லாயக்கில்லை" என்பது கடன் இல்லை, கடனுக்கு மேல் ஏறி உட்கார்ந்த எண்ணம். அதை இறக்கினால் கடனைப் பார்க்கத் தெம்பு வரும்.

அடி, உதை, மிரட்டல் இருக்கிற வீட்டுக்கு வேறு பதில். அங்கே மாற வேண்டியது உங்கள் எண்ணம் அல்ல. சகித்துக்கொள்ளக் கற்றுத்தருவதற்குச் சிபிடியைப் பயன்படுத்தவே கூடாது. பெண்கள் உதவி எண் 181. உங்கள் பாதுகாப்புக்கு வழி செய்வது முதல் வேலை, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

10. நான் அஞ்சாவதுதான் படிச்சேன். இதெல்லாம் இங்கிலீஷ் படிச்சவங்களுக்குத்தானே?

பாகிஸ்தானின் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வை இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சொல்வேன். 2008இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. கர்ப்ப காலத்தில் மனச்சோர்வில் இருந்த ஏழைத் தாய்மார்களுக்கு, ஊர்ச் சுகாதாரப் பணியாளர் பெண்களே சிபிடி முறையில் வீட்டுக்கே போய் உதவினார்கள். அவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்ல, குறுகிய பயிற்சி பெற்றவர்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது மனச்சோர்வு இன்னும் இருந்தவர்கள் இந்த உதவி பெற்ற பக்கம் 23 சதவீதம், பெறாத பக்கம் 53 சதவீதம். கோவாவிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாதாரண ஆலோசகர்களை வைத்து, செயலைக் கூட்டும் முறையை (முடங்கிக் கிடப்பவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலில் இறங்கவைப்பதை)க் கடுமையான மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பலன் கண்டார்கள், 2017இல் வெளியானது.

எழுத வராவிட்டால் போனில் குரலைப் பதிவு செய்யலாம், பதற்ற அளவை விரலில் காட்டலாம். உங்கள் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள். "நெஞ்சுக்குள்ள பிசையுது" என்று சொன்னால் எங்களுக்குப் புரியும்.

11. சாமி கும்பிடறதை விடச் சொல்லுவாங்களா?

மாட்டார்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதற்குப் போனாலும் அது உங்கள் பலம். ஓசிடியில் மட்டும் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. பக்தியால் விளக்கேற்றுவது வேறு, "சரியாக ஏற்றவில்லை, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும்" என்ற பயத்தால் திரும்பத் திரும்ப அணைத்து ஏற்றுவது வேறு. இரண்டாவதைத்தான் குறைக்கச் சொல்வோம். அதில் எது வழக்கம், எது நோய் என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டே தீர்மானிப்போம்.

12. யாருகிட்ட போகணும்? போர்டு வச்சவங்க எல்லாருக்கும் இது தெரியுமா?

தெரியாது. மனநல மருத்துவர் எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், சோதனைகளும் இந்த மாதிரி சிகிச்சைகளும் தருவார். இந்தியாவில் அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. கவுன்சிலர் என்று பலகை வைப்பவர்களின் படிப்பும் பயிற்சியும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

போனில் மூன்று விஷயம் கேளுங்கள். சிபிடியில் எங்கே பயிற்சி எடுத்தீர்கள்? என் மாதிரிப் பிரச்சினைக்கு என்ன செய்வீர்கள்? பலன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? தெளிவாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில நிலைகள் மட்டும் விதிவிலக்கு.

13. செலவு நிறைய ஆகுமோ?

தனியாரிடம் ஊருக்கு ஊர் மாறும். வாராவாரம் என்பதால் கணக்குப் போட்டுத்தான் இறங்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, மாவட்ட மனநலத் திட்ட ஓ.பி., 1794இல் தொடங்கி இப்போது சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் மனநல மருத்துவமனை, பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனை ஆகியவற்றில் செலவு மிகக் குறைவு, அல்லது இல்லை. கூட்டம் அதிகம் என்பதால் அமர்வுகள் நெருக்கமாகக் கிடைக்காமல் போகலாம். உடல் நோய்க்கு இணையாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் உங்கள் பாலிசியில் ஓ.பி. செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல பாலிசிகளில் சேராது.

14. ஆப், யூடியூப், ஏஐ எல்லாம் இருக்கே, நானே பண்ணிக்கலாமா?

லேசான பதற்றம், சோர்வு, தூக்கப் பிரச்சினைக்கு நல்ல சுயபயிற்சிகள் உதவுகின்றன. வாரம் ஒருமுறை யாராவது "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பலன் கூடும். ஏழாம் கேள்வியில் சொன்ன நிலைக்கும், ஓசிடிக்கும், பழைய அதிர்ச்சிகளுக்கும் ஆள் வேண்டும். குறிப்பாக ஓசிடியில் "இது ஆபத்தில்லையே?" என்று ஏஐயிடம் நூறு தடவை கேட்பது, கை கழுவுவது போலவே இன்னொரு சடங்காக மாறிவிடுகிறது.

15. எங்க தம்பி வரவே மாட்டேங்கிறான். இழுத்துட்டு வந்துடவா?

சிபிடியை யாருக்கும் கட்டாயமாகக் கொடுக்க முடியாது. "உனக்கு மனநோய்" என்று சொன்னால் கதவு மூடிக்கொள்ளும். "தூக்கமில்லாம கஷ்டப்படறியே, அதுக்கு ஒரு தடவை பார்க்கலாமா?" என்று அவனுக்கே தொல்லையாக இருப்பதிலிருந்து தொடங்குங்கள். அவன் வராவிட்டாலும் நீங்கள் வரலாம். ஓசிடி உள்ள வீட்டில், "கை சுத்தமாயிருக்கா?" என்று கேட்கிறபோதெல்லாம் "இருக்குப்பா, இருக்கு" என்று சொல்லிச் சொல்லி வீடே நோய்க்கு வேலை செய்துகொண்டிருக்கும். அதைப் பாசம் குறையாமல் எப்படிக் குறைப்பது என்று குடும்பத்தாருக்குச் சொல்லித்தருவதே பாதி வேலை.

16. ஏற்கெனவே போனேன், ஒண்ணும் ஆகலை. இன்னும் மோசமான மாதிரிதான் இருந்துச்சு.

முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்குக் கிடைத்தது சிபிடிதானா? இரண்டாம் கேள்வியில் சொன்னபடி இலக்கு, வீட்டுப்பாடம் எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் நடந்திருந்தால் நீங்கள் இன்னும் இதை முயலவில்லை. பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சியின் தொடக்கத்தில் பதற்றம் ஏறுவது இயல்பு. பலர் அந்த மேட்டிலேயே இறங்கிவிடுகிறார்கள். வேகம் உங்களுக்கு மீறியிருந்தால் சொல்லுங்கள், படிகளைச் சிறிதாக்கலாம்.

சரியாகச் செய்தும் பலனில்லாதவர்கள் உண்டு, குறைந்த எண்ணிக்கையும் இல்லை. அது உங்கள் தோல்வி இல்லை. மனச்சோர்வுக்கு வேறு பேச்சுச் சிகிச்சைகளும் ஏறக்குறைய இதே அளவு பலன் தருகின்றன, மருந்தும் இருக்கிறது. உளவியலாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆளை மாற்றலாம். எங்களில் யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

17. சரி, முயன்று பார்க்கலாமா வேண்டாமா? எப்படி முடிவு பண்றது?

வாழ்நாள் முடிவு மாதிரி யோசிக்காதீர்கள். என்ன மாற வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். "நிம்மதி வேணும்" என்பது போதாது. "தனியா பஸ்ல வேலைக்குப் போகணும்" என்பது போதும். வாரம் ஒரு மணி நேரமும், வீட்டில் தினமும் கொஞ்ச நேரமும் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள். பிரசவமான முதல் வாரங்கள், பரீட்சை வாரம் போன்ற நாட்களில் முடியாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போடலாம், ஏழாம் கேள்வியில் சொன்ன நிலையைத் தவிர.

நான்கைந்து அமர்வுகள் போய்விட்டு நிறுத்தி அளந்து பாருங்கள். மனச்சோர்வுக்குப் பிஹெச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் இருக்கிறது, தமிழிலும் உண்டு, மதிப்பெண் 0 முதல் 27 வரை. தொடங்கும்போது 17 இருந்து இப்போது 12 என்றால் தொடருங்கள். அசையவே இல்லை என்றால் உளவியலாளரிடம் நேராகக் கேளுங்கள், "நாம என்ன மாத்தணும்?"

18. முடிச்ச பிறகு திரும்ப வந்துடுச்சுன்னா?

வரலாம். மாத்திரையை மட்டும் எடுத்து நிறுத்தியவர்களைவிடச் சிபிடி முடித்தவர்களுக்கு மனச்சோர்வு திரும்புவது குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன, ஆனால் வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. அதனால் கடைசி இரண்டு அமர்வுகளை இதற்கென்றே வைத்திருப்போம். உங்களுக்கு முதலில் தெரியும் அறிகுறி என்ன? ஒருவருக்குப் போன் எடுக்கப் பிடிக்காமல் போகும், இன்னொருவர் விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்வார். அது தெரிந்தால் அந்த வாரமே எந்தப் பயிற்சியைத் திரும்ப எடுப்பது, வீட்டில் யாரிடம் சொல்வது, எத்தனை நாள் பார்த்துவிட்டு எங்களுக்குப் போன் செய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதி வீட்டுக்கு எடுத்துப் போவீர்கள். பிறகு மூன்று மாதத்தில் ஒருமுறை, ஆறு மாதத்தில் ஒருமுறை வந்து பார்த்தால் போதும். நடுவில் தேவைப்பட்டால் புதுச் சீட்டுப் போட்டு வரலாம். பழைய நோட்டை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.